நாலு எல்லை இல்லாத வீடு

அப்பா முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது பத்திரம். "எடும்மா, பார்க்கிறேன்" என்றார். முப்பத்தெட்டு வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர். சொத்து என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அவர் கை தானாகக் கண்ணாடியைத் தேடும்.

நாங்கள் 2011இல் நியூயார்க்கின் குயின்ஸில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு கோ-ஆப் வீடு, அதாவது கூட்டுறவுக் கம்பெனிக் கட்டடத்தில் ஒரு வீடு, வாங்கியிருந்தோம். ஏழு மாடிக் கட்டடம், நாலாவது மாடி, ஒரு படுக்கையறை. என்னிடம் இருந்தது இரண்டு நகல்கள். ஒன்று, கட்டடத்தின் சொந்தக்காரரான கம்பெனியில் எங்களுக்கு 310 ஷேர் இருக்கிறது என்று சொல்லும் ஒற்றைத் தாள். இன்னொன்று, ப்ரொப்ரைட்டரி லீஸ் என்கிற நாற்பது பக்கக் கட்டு. அசல் இரண்டும் கடன் கொடுத்த வங்கியில்.

அப்பா மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுப் போட்டுப் படித்தார். மூன்றாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது சொன்னார்: "இதிலே நாலு எல்லை எங்கேயும் இல்லை. இது கிரயப் பத்திரம் இல்லம்மா, குத்தகைச் சீட்டு. நீ இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி இல்லை, வாடகைக்காரி. அந்தக் கம்பெனியிலே பங்கு வைத்திருக்கிற வாடகைக்காரி."

பத்து வருஷச் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டைப் பற்றி இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனசு ஆறும்? இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. வீடு வாங்க எனக்கு உதவிய வக்கீலே இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஏழு வருஷம், கம்பெனியை நடத்தும் எங்கள் போர்டில் பொருளாளராக இருந்திருக்கிறேன். இந்த வாரம் கோயிலில் பார்த்த ஒரு தம்பி, "அக்கா, காண்டோவைவிட கோ-ஆப் விலை குறைவா இருக்கே, வாங்கிடலாமா?" என்று கேட்டான். நின்றபடியே பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, கணக்குப் பார்ப்பவள். இதில் இருப்பது படித்துத் தெரிந்ததும் பட்டுத் தெரிந்ததும்.

காண்டோ நமக்குப் பழகிய மாதிரிச் சொத்து. அந்த வீட்டுக்கென்று தனிப் பத்திரம் உண்டு, அது பதிவாகும், சொத்துவரி தனியாக உங்கள் பெயருக்கு வரும். கட்டடத்தின் பொது இடங்களில் இத்தனை சதவீதம் என்று ஒரு பங்கும் சேர்ந்து வரும். கோ-ஆப் அப்படி இல்லை. நிலம், கட்டடம், கொதிகலன், உங்கள் சமையலறைச் சுவர், எல்லாமே கம்பெனியுடையது. நீங்கள் வாங்குவது ஷேர். அந்த ஷேரோடு, இந்த எண்ணுள்ள வீட்டில் குடியிருக்கும் உரிமை லீஸாக வருகிறது. மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸில் கட்டடத்தின் சொத்துவரி, கட்டடத்தின் பேரில் இருக்கும் பெரிய கடனின் தவணை, கட்டடத்தைப் பராமரிக்கும் ஊழியரான சூப்பரின் சம்பளம், கொதிகலனுக்கான எண்ணெய், இன்ஷூரன்ஸ் எல்லாம் அடக்கம். வரியிலும் கடன் வட்டியிலும் உங்கள் பங்கை வருமானவரிக் கணக்கில் காட்டிக்கொள்ள மத்திய வரிச் சட்டத்தின் 216ஆம் பிரிவு வழி செய்கிறது.

வாங்கும்போது கோ-ஆபில் செலவு குறைவு என்பது உண்மைதான். காண்டோவுக்குக் கடன் வாங்கினால் நகரத்தில் அடமானப் பதிவு வரி என்று கடன் தொகையில் 1.8 சதவீதம் கட்ட வேண்டும். கடன் 5 லட்சம் டாலரைத் தொட்டால் 1.925. கோ-ஆப் கடன் ஷேரின் மேல் வாங்கும் கடன் என்பதால் அந்த வரி இல்லை. ஆனால் அந்தத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது விலையைப் பற்றி அல்ல. கையில் வரும் காகிதம் என்ன உரிமை தருகிறது, யாருக்கு என்ன அதிகாரம் தருகிறது என்பதைப் பற்றி.

முதல் பாடம் தண்ணீரில் வந்தது. 2014 பிப்ரவரியில் சமையலறைக் கூரையில் ஒரு மஞ்சள் வட்டம். ஒரு வாரத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாகி, சுவர் அலமாரிக்குப் பின்னால் பூச்சு உப்பிப் பெயர்ந்தது. மேலே 5-டியில் குளியலறையைப் புதுப்பித்திருந்தார்கள். அவர்கள் "எங்கள் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது" என்றார்கள். போர்டுக்காகக் கட்டட நிர்வாகத்தைக் கவனிக்கும் மேனேஜிங் ஏஜென்ட், "உங்கள் இன்ஷூரன்ஸைக் கேளுங்கள்" என்றார். இன்ஷூரன்ஸ்காரர், "குழாய் கட்டடத்துடையது" என்றார். மூன்று வாரம் நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அப்பாவின் பென்சில் கோடு ஞாபகம் வந்தது. லீஸை எடுத்துப் பார்த்தால், பழுதுபார்க்கும் பொறுப்பு பற்றிய பத்திக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டிருந்தார். சுவருக்குள் ஓடும் குழாய், சுவர், கூரை கம்பெனியின் பொறுப்பு; உள்பக்கப் பெயின்ட், அலமாரி, சிங்க், அடுப்பு குடியிருப்பவர் பொறுப்பு. எங்கள் லீஸில் இப்படி. உங்கள் லீஸில் வேறு மாதிரி இருக்கலாம், கோடு எங்கே விழுகிறது என்பதுதான் விஷயமே. அந்தப் பத்தியை அப்படியே எடுத்து எழுதி, தேதி போட்டு, போர்டுக்கும் ஏஜென்டுக்கும் கடிதம் அனுப்பினேன். ஆறு நாளில் சூப்பர் பிளம்பரோடு வந்தார். குழாயையும் பூச்சையும் கம்பெனி சரி செய்தது. பெயின்டும் அலமாரியும் என் இன்ஷூரன்ஸில். 5-டிக்காரர்கள் வேலை தொடங்கும் முன் ஆல்டரேஷன் அக்ரிமென்ட் என்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வேலையால் யாருக்குச் சேதம் வந்தாலும் நாங்கள் பொறுப்பு என்று அதில் இருந்ததால், கம்பெனி தன் செலவை அவர்களிடம் வசூலித்துக்கொண்டது. ஒரு காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு காகிதம்.

இன்னொன்றும் அப்போது தெரிந்துகொண்டேன். நியூயார்க் மாநிலச் சட்டம் 1975இலிருந்து எல்லா வாடகைக் குடியிருப்புக்கும் 'குடியிருக்கத் தகுந்ததாக வைத்திருப்போம்' என்ற உத்தரவாதத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது லீஸில் இல்லையென்றாலும் இருப்பதாகவே கணக்கு. கோ-ஆப்காரர்கள் சட்டப்படி வாடகைக்காரர்கள் என்பதால் அந்தப் பாதுகாப்பு எங்களுக்கு உண்டு. காண்டோ சொந்தக்காரருக்கு அவருடைய போர்டிடம் அந்த உரிமை கிடையாது. லாங் ஐலண்ட் சிட்டியில் புது காண்டோ வாங்கிய என் தோழிக்குப் பால்கனிக் கதவு வழியாக மழை உள்ளே வந்தது. கட்டிய நிறுவனம், காண்டோ போர்டு, அவள் என்று மூன்று முனையில் வக்கீல் கடிதங்கள் இரண்டு வருஷம் பறந்தன. வாடகைக்காரி என்று அப்பா சொன்னபோது வந்த கோபம் அன்றைக்குத்தான் முழுசாகத் தணிந்தது.

ஆனால் வாடகைக்காரி என்பதற்கு மறுபக்கமும் உண்டு. வாடகைக்காரரை வெளியேற்ற முடியும்.

இங்கே இரண்டு தீர்ப்புகளைச் சொல்லியாக வேண்டும். கோ-ஆப் போர்டில் யாரிடம் பேசினாலும் இந்த இரண்டு பெயரும் வரும். முதலாவது லெவன்டஸ்கி வழக்கு, 1990. மன்ஹாட்டனில் 1 ஃபிஃப்த் அவென்யூவில் குடியிருந்தவர் தன் சமையலறையைப் பெரிதாக்க, கட்டடத்தின் நீராவிக் குழாயை நகர்த்தப் பார்த்தார். அந்தச் சமயத்தில் போர்டின் தலைவரும் அவர்தான். போர்டு கூடாது என்றது, அவர் நகர்த்திவிட்டார். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் வரை போனது. இங்கே சுப்ரீம் கோர்ட் என்றால் அது கீழ் நீதிமன்றம், புதிதாக வருபவர்கள் இதில் குழம்புவார்கள். நீதிபதி ஜூடித் கே எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: போர்டு தன் அதிகாரத்துக்கு உட்பட்டு, நல்ல எண்ணத்தோடு, கம்பெனியின் நன்மைக்காக ஒரு முடிவு எடுத்திருந்தால், அது சரியான முடிவா என்று நீதிமன்றம் உள்ளே புகுந்து பார்க்காது.

இரண்டாவது புல்மன் வழக்கு, 2003. மேற்கு 67ஆவது தெருவில் ஒரு கோ-ஆப். ஒருவர் குடிவந்தார். மேல்வீட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக இருந்த வயதான தம்பதி இரவில் சத்தம் போடுகிறார்கள், வீட்டிலேயே புத்தகம் பைண்டு செய்யும் தொழில் நடத்துகிறார்கள் என்று புகார் மேல் புகார் கொடுத்தார். போர்டு விசாரித்தது, அப்படி எதுவும் இல்லை. அவர் துண்டுப் பிரசுரம் போட்டார், வழக்குகள் போட்டார். கடைசியில் ஷேர்தாரர் கூட்டத்தைக் கூட்டி ஓட்டெடுத்தார்கள். முக்கால்வாசிக்கும் மேற்பட்ட ஷேர்கள் ஓட்டுப் போட்டன. அத்தனையும் அவரை வெளியேற்றச் சொன்னது. லீஸை ரத்து செய்தார்கள். நடந்ததை நீதிபதி முன் நிரூபித்தால்தானே வெளியேற்றலாம் என்று அவர் வாதாடினார். லெவன்டஸ்கியில் சொன்னதே இங்கும், ஷேர்தாரர்களின் ஓட்டே போதுமான சான்று என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பை நான் முதலில் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அதே வாரம்தான் எங்களுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. "உங்கள் வீட்டிலிருந்து சமையல் வாசனை நடைபாதைக்கு வருவதாகப் புகார். தொடர்ந்தால் லீஸின்படி ஆட்சேபத்துக்குரிய நடத்தையாகக் கருதப்படும்." தாளிக்கிற வாசனை. காலையில் எண்ணெயில் கடுகு போட்ட கை அன்று முழுக்க நடுங்கியது. என் கணவர், "வக்கீலைப் பார்க்கலாம்" என்றார். நான் முதலில் லீஸைப் பார்க்கலாம் என்றேன்.

எங்கள் சமையலறையில் ஜன்னல் கிடையாது, சுவரில் ஒரு காற்றுக் கம்பிவலை மட்டும். அது மாடி வரை போகும் குழலில் சேர்கிறது. குழலின் உச்சியில் மொட்டை மாடியில் ஒரு பெரிய விசிறி. ஒரு மெல்லிய காகிதத்தைக் கம்பிவலை அருகே பிடித்தேன், அது அசையவே இல்லை. சூப்பரைக் கூட்டிக்கொண்டு மேலே போனால் விசிறியின் பெல்ட் அறுந்து கிடந்தது. எத்தனை மாதமோ. எங்கள் வரிசையில் ஏழு வீட்டுக்கும் காற்றே இழுக்கவில்லை. போட்டோ எடுத்து, பொதுக் கருவிகளைப் பராமரிப்பது கம்பெனியின் கடமை என்ற பத்தியைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். பெல்ட் மாற்றினார்கள், வாசனையும் போனது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வருஷம் ஆண்டுக் கூட்டத்தில் போர்டுக்கு என் பெயரைக் கொடுத்தேன். நீதிமன்றம் போர்டின் முடிவுக்குள் எட்டிப் பார்க்காது என்றால், முடிவு எடுக்கும் மேசையில் நம்மில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு 31 ஓட்டு வித்தியாசத்தில் இடம் கிடைத்தது. ஒரு ஷேருக்கு ஒரு ஓட்டு என்பதால், அது ஒரே ஒரு சின்ன வீட்டின் ஷேரில் பத்தில் ஒரு பங்கு.

போர்டில் எனக்கு மிகக் கனமாக இருந்த வேலை, வாங்க வருகிறவர்களை நேர்காணல் செய்வது. கோ-ஆப் போர்டு ஒருவரை வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் தெரிவிக்க வேண்டியதில்லை என்பதுதான் நீண்ட கால வழக்கம். 1979இல் முன்னாள் அதிபர் நிக்சனையே மன்ஹாட்டன் கோ-ஆப் ஒன்று ஏற்கவில்லை. காண்டோ போர்டுக்கு இந்த அதிகாரம் இல்லை. அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மட்டும் உண்டு, அதை அபூர்வமாகத்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் காரணம் சொல்ல வேண்டாம் என்பதற்கு, எந்தக் காரணமும் இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 1968இன் மத்திய வீட்டுவசதிச் சட்டமும், நகரத்தின் மனித உரிமைச் சட்டமும் பாகுபாட்டைத் தடுக்கின்றன. நிறம், மதம், பிறந்த நாடு, குழந்தைகள் இருப்பது, ஊனம், குடியுரிமை நிலை, செய்யும் தொழில் என்று நகரச் சட்டத்தின் பட்டியல் நீளம்.

ஒரு நேர்காணலில், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது. எங்கள் போர்டில் ஒருவர், சிரித்த முகமாகத்தான், "ஒரு படுக்கையறை போதுமா? குழந்தை எப்போது?" என்று கேட்டார். நான் உடனே, "அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அறை அமைதியாகிவிட்டது. அவர்கள் போனபின் பீக்மன் ஹில் ஹவுஸ் கதையைச் சொன்னேன். மன்ஹாட்டனில் அந்தக் கோ-ஆபின் போர்டு, கணவர் கறுப்பராகவும் மனைவி வெள்ளையராகவும் இருந்த ஒரு தம்பதிக்கு உள்வாடகை அனுமதி மறுத்தது. பாகுபாடுதான் என்று 1997இல் மத்திய நீதிமன்றத்தின் ஜூரி தீர்ப்பளித்தது. போர்டின் தலைவர் மேல் தனியாகத் தண்டனை இழப்பீடும் விழுந்தது. அதைக் கம்பெனி தனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் கேட்டபோது, கெட்ட எண்ணத்தோடு செய்ததற்குக் கம்பெனி பணம் தரக்கூடாது என்று 2000இல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் சொல்லிவிட்டது. சம்பளமில்லாத போர்டு வேலைதான், ஆனால் இந்தத் தவறு சொந்தப் பையில் கை வைக்கும். அன்றிலிருந்து எங்கள் நேர்காணலில் எழுதி வைத்த கேள்விகள் மட்டும்தான். அந்த ஜோடிக்கு வீடு கிடைத்தது. இப்போது மாடிப்படியில் ஒரு குட்டி ஸ்கூட்டர் நிற்கிறது, பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

பணத்துக்கு வருகிறேன். வீடு வாங்க வருகிறவர்கள் சமையலறைக் கல்லைத் தடவிப் பார்க்கிறார்கள், கம்பெனியின் ஆண்டுக் கணக்கை யாரும் பிரிப்பதில்லை. அதில் கடைசிப் பக்கக் குறிப்புகள்தான் உயிர். கட்டடத்தின் கடன் எவ்வளவு, எந்த வருஷம் முதிர்கிறது என்று அங்கே இருக்கும். எங்கள் கடன் 2013இல் 3.4 சதவீதத்தில் எடுத்த பத்து வருஷக் கடன். பெரும்பாலும் வட்டி மட்டும் கட்டி வந்தோம். 2023இல் முதிர்ந்தபோது 6 சதவீதத்துக்கு மேல்தான் கிடைத்தது. மெயின்டனன்ஸை 9 சதவீதம் ஏற்றினோம். அந்த வருஷம் லிஃப்டில் பல பேர் என்னோடு பேசவில்லை. 2022இல் வீடு வாங்கிய ஒருவர், "யாரும் சொல்லவில்லையே" என்றார். கணக்கின் எட்டாவது குறிப்பில் இருந்தது. அவருடைய வக்கீல் படித்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வக்கீல் மேல் எனக்கு வருத்தம்தான்.

கணக்கோடு கூட, கடந்த இரண்டு வருஷப் போர்டு கூட்டக் குறிப்புகளையும் உங்கள் வக்கீலை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வரப்போகிற செலவு, கொதிகலன் பழுது, மூட்டைப்பூச்சி, நடக்கும் வழக்கு எல்லாம் அதில்தான் வெளிப்படும்.

செலவு என்றால் முகப்புச் சுவர். 1979 மே மாதம் பிராட்வேயும் 115ஆவது தெருவும் சேரும் இடத்தில், கட்டடத்திலிருந்து உடைந்து விழுந்த துண்டு பட்டு கிரேஸ் கோல்ட் என்ற கல்லூரி மாணவி இறந்துபோனார். அடுத்த வருஷமே நகரம் சட்டம் கொண்டுவந்தது. அது 1998இல் லோக்கல் லா 11 என்ற நகரச் சட்டமாக விரிந்தது. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வெளிச்சுவரை நிபுணர் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். எங்களுடையது ஏழு மாடி. ஒரு மாடி குறைந்திருந்தால் இந்தச் சட்டம் எங்களைத் தொட்டிருக்காது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் சாய்ந்திருக்கிறது, 'அன்சேஃப்', அதாவது ஆபத்தானது, என்று எழுதினார்கள். உடனே, நடப்பவர்கள் மேல் எதுவும் விழாமல் இருக்கத் தெரு நடைபாதை மேல் மரக்கூரை. வேலை முடிய பத்தொன்பது மாதம். ஷேருக்கு 11 டாலர் என்று சிறப்பு வசூல் போட்டோம். எங்கள் வீட்டுக்கு 3,410 டாலர். முதல் மாடியில் ஓய்வூதியத்தில் வாழும் பாட்டி ஒருவர் பத்து மாதத் தவணை கேட்டார், எல்லோருக்குமே அந்த வசதியைக் கொடுத்தோம். கூரைக்கு அடியில் இருட்டாக இருக்கிறது என்று திட்டினவர்களிடம் நான் கிரேஸ் கோல்டின் கதையைச் சொல்வேன். அந்தப் பெயர் தெரிந்தபின் எனக்கு அந்த மரக்கூரை மேல் கோபம் வந்ததில்லை.

அடுத்து லோக்கல் லா 97 என்ற இன்னொரு நகரச் சட்டம். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு 2024 முதல் உச்சவரம்பு. தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம், 2030இல் வரம்பு இன்னும் இறுகும். குயின்ஸின் கிழக்கே இருக்கும் கிளென் ஓக்ஸ் வில்லேஜ் என்ற பெரிய கோ-ஆபும் மற்றவர்களும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மாநிலச் சட்டம் நகரத்தின் சட்டத்தைத் தடுக்கவில்லை என்று 2025 மேயில் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் தீர்ப்பளித்தது. எங்கள் கட்டடம் இப்போதைய வரம்புக்குள் இருக்கிறது, 2030இன் வரம்புக்குள் இல்லை. எண்ணெய்க் கொதிகலனை என்ன செய்வது என்பதுதான் இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு. வாங்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டவர்கள் இதுவரை இரண்டே பேர்.

பணம் கட்டாதவர்கள் விஷயத்தில் கோ-ஆபுக்குக் கொஞ்சம் பலம் உண்டு. ஷேரின் மேல் கடன் கொடுக்கும் வங்கி, கம்பெனியோடு ஒரு ஒப்புதல் ஒப்பந்தம் போடுகிறது. அதன்படி மெயின்டனன்ஸ் பாக்கிக்கு வங்கியைவிடக் கம்பெனிக்கே முதலிடம். 6-பியில் எட்டு மாதப் பாக்கி. வங்கிக்கு எழுதினோம், தன் அடமானம் போய்விடக்கூடாது என்று வங்கியே கட்டிவிட்டு அவருடைய கடனில் சேர்த்துக்கொண்டது. காண்டோவில் நிலைமை தலைகீழ். போர்டின் பாக்கிக்கு முன்னால் முதல் அடமானம் வந்து நிற்கும். வீட்டுக்காரரை வாடகைக்காரர் போல வெளியேற்றவும் முடியாது, பாக்கிக்காக வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தோழியின் கட்டடத்தில் நாலு வீடு கட்டாமல் இருந்ததற்கு மற்றவர்கள் கூடுதலாகக் கட்டினார்கள்.

நம்மவர்கள் நினைத்தே பார்க்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2-ஏயில் தனியாக இருந்த பெரியவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். மகள் டெக்சஸிலிருந்து வந்து, "அப்பா வீடு, சாவி கொடுங்கள்" என்றார். ஷேர் அப்பா பெயரில் இருக்கிறது. குயின்ஸின் ஜமைக்கா பகுதியில் இருக்கும், இறந்தவர்களின் சொத்து விஷயங்களைப் பார்க்கும் சரகேட் கோர்ட்டில் வாரிசுப் பொறுப்புக்கான உத்தரவு வாங்க வேண்டும். அதற்கப்புறமும் லீஸ் மகள் பெயருக்கு மாறப் போர்டின் சம்மதம் வேண்டும். பணம் கட்டக்கூடிய குடும்பத்தாருக்கு நியாயமில்லாமல் மறுக்கக்கூடாது என்று எங்கள் லீஸில் இருக்கிறது, ஆனால் சம்மதம் வேண்டும். பத்து மாதம் ஆனது. அந்தப் பத்து மாதமும் காலி வீட்டுக்கு மெயின்டனன்ஸ் ஓடியது. அந்தப் பெண் எங்கள் லாபியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு, அந்த வாரமே நாங்கள் இருவரும் உயில் எழுதினோம். தம்பி, நீயும் உன் மனைவியும் இரண்டு பேர் பெயரிலும் ஷேர் வாங்குங்கள். தம்பதியாக வாங்குகிறோம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பின் மற்றவருக்கு ஷேர் தானாகப் போகும்.

போன வருஷம் கடனை அடைத்தோம். வங்கி அசல் ஷேர் சர்டிஃபிகேட்டையும் லீஸையும் திருப்பித் தர வேண்டும். இரண்டு மாதம் பதில் இல்லை. அப்புறம், "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். அதற்கும் அப்புறம், இடையில் கடன் கைமாறியபோது தொலைந்திருக்கலாம் என்று ஒரு கடிதம். பதினாலு வருஷம் தவணை தவறாமல் கட்டியவர்களுக்கு இப்படி ஒரு கடிதம். நல்லவேளை, இதற்கு வழி இருக்கிறது. காகிதம் தொலைந்தது என்று வங்கி பிரமாணப் பத்திரம் கொடுத்து, ஷேரின் மேல் தனக்கிருந்த உரிமையை நீக்கும் படிவத்தையும் பதிவுசெய்ய வேண்டும். செய்யவைத்தோம். கம்பெனி பழைய எண்ணை ரத்து செய்து புது சர்டிஃபிகேட் எழுதியது. அதில் வழக்கமாகப் பொருளாளரும் கையெழுத்துப் போடுவார். என் வீட்டுக் காகிதத்தில் நானே போடுவது சரியில்லை என்று செயலாளரையும் தலைவரையும் போடச் சொன்னேன். அவர்கள் இருவரும் போட்டாலே போதும் என்று கம்பெனியின் விதிகளான பைலாவில் இருக்கிறது.

அன்று இரவே போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்கு எண்பத்தொன்று, இப்போது போனில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறார். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா, 310 என்பது எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா, மாப்பிள்ளையின் பெயரில் எழுத்துப் பிழை இல்லையே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

"லீஸ் எப்போ முடியுது?"

"2086 வரை இருக்குப்பா."

"சரி. அந்த ரெண்டையும் ஒரே உறையிலே போட்டு வை" என்றார்.

ஒரே உறையில்தான் போட்டு வைத்திருக்கிறேன், அவர் பென்சில் கோடு போட்ட நகலையும் சேர்த்து.